தரவுத்தள நிர்வாகி

தரவுத்தள நிர்வாகி என்பவர் ஒரு நிறுவனத்தின் தரவுத்தளங்களை நிறுவி, இயக்கி, காத்து, பழுது நேர்ந்தால் அவற்றை மீட்டுத் தரும் பொறுப்பை ஏற்ற கணினிப் பணியாளர் ஆவார். தொழில் வட்டத்தில் இவர் டிபிஏ என்ற சுருக்கப் பெயராலேயே பெரிதும் அறியப்படுகிறார். வங்கிக் கணக்கு, தொடருந்து முன்பதிவு, மருத்துவமனைக் கோப்பு, மின்கட்டணப் பட்டியல் முதலிய எல்லாவற்றுக்கும் பின்னால் ஏதேனும் ஒரு தரவுத்தளம் இருப்பதால், அன்றாட வாழ்வின் பெரும்பகுதி இப்பணியாளர்களின் கவனத்தைச் சார்ந்துள்ளது. எனினும் பொதுமக்கள் இவர்களை அறிவதில்லை. தரவுத்தளம் சரியாக இயங்கும்வரை அதை நிர்வகிப்பவரை யாரும் நினைப்பதில்லை என்பது இத்தொழிலின் இயல்பு.

வழங்கிக் கணினி பழுதானால் வேறொன்று வாங்கலாம். மென்பொருள் அழிந்தால் மீண்டும் நிறுவலாம். ஆனால் ஒரு நிறுவனம் பல ஆண்டுகளாகச் சேர்த்த தரவை எங்கும் விலைக்கு வாங்க முடியாது. எனவே தரவுத்தள நிர்வாகியின் பணிகள் எத்தனை இருப்பினும், இழந்த தரவை மீட்க முடியும் என்ற உறுதியே அவற்றுள் முதன்மையானது.

வரலாறு

1960களின் தொடக்கத்தில் ஒவ்வொரு கணினி நிரலும் தனக்குரிய கோப்புகளைத் தானே வைத்துக்கொண்டது. சம்பளப் பட்டியலுக்கு ஒரு கோப்பு, பணியாளர் விவரத்துக்கு மற்றொரு கோப்பு என ஒரே செய்தி பல இடங்களில் பதியப்பட்டது. ஓரிடத்தில் திருத்தினால் மற்றோரிடத்தில் பழையதே நின்றது. இதற்குத் தீர்வாகப் பொதுவான தரவுத் தொகுதி ஒன்றைப் பல நிரல்களும் பகிரும் முறை உருவானது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் சார்லசு பாக்மன் உருவாக்கிய ஐடிஎசு முறைமை இவ்வகையில் முன்னோடியாகும். அப்பல்லோ விண்வெளித் திட்டத்துக்குத் தேவையான பல இலட்சம் உதிரிப்பாகங்களின் விவரத்தைக் கையாள ஐபிஎம் நிறுவனம் பிற நிறுவனங்களுடன் சேர்ந்து உருவாக்கிய ஐஎம்எசு 1968இல் இயங்கத் தொடங்கியது. இது இன்றும் பெரிய வங்கிகளில் பயன்பாட்டில் உள்ளது.

தரவு பொதுவானதும் புதிய கேள்வி ஒன்று எழுந்தது: அதற்கு யார் பொறுப்பு? ஒவ்வொரு நிரலரும் தன் விருப்பப்படி அமைப்பை மாற்றினால் மற்றவர்களின் நிரல்கள் நின்றுவிடும். எனவே எல்லாருக்கும் பொதுவான ஒருவர் தேவைப்பட்டார். 1971ஆம் ஆண்டின் கோடாசில் குழு அறிக்கையும், தரவுத்தளத்தை மூன்று அடுக்குகளாகப் பிரித்துக் காட்டிய 1975ஆம் ஆண்டின் அன்சி இசுபார்க் இடைக்கால அறிக்கையும் இப்பொறுப்பைத் தனிப் பணியாக நோக்கின.

1970இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் தொடர்புசார் தரவு மாதிரியை முன்மொழிந்தார். தரவு கணினிக்குள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளது என்பதைப் பயனர் அறிய வேண்டிய தேவை இருக்கக்கூடாது என்பது அவர் கருத்து. அட்டவணைகளின் பெயரைச் சொல்லி வேண்டியதைக் கேட்டால் போதும். அதை எப்படி எடுப்பது என்பதை முறைமையே முடிவுசெய்யும். இக்கருத்தின் அடிப்படையில் டொனால்ட் சாம்பர்லின், ரேமண்ட் பாய்சு ஆகியோர் 1974இல் வெளியிட்ட வினவல் மொழியே பின்னர் எஸ்கியூஎல் ஆயிற்று. 1979இல் ஆரக்கிள் மென்பொருளின் முதல் வணிகப் பதிப்பும், 1983இல் ஐபிஎம்மின் டிபி2 முறைமையும் வெளிவந்தன. 1990களின் நடுவில் மைஎஸ்கியூஎல், போசுட்கிரெஸ்கியூஎல் ஆகிய கட்டற்ற மென்பொருள்கள் வந்து சேர்ந்தன.

காட் பயனரிடமிருந்து நீக்கிய சுமை மறைந்துவிடவில்லை. அது தரவுத்தள நிர்வாகியின் மேசைக்கு இடம்பெயர்ந்தது. பயனர் அறிய வேண்டாத அத்தனையையும் இவர் அறிந்திருக்க வேண்டும்.

அன்றாடப் பணிகள்

தரவுத்தள நிர்வாகியின் காலைப்பொழுது பெரும்பாலும் முந்தைய இரவின் கணக்கைப் பார்ப்பதில் தொடங்குகிறது. இரவில் எடுக்கப்பட்ட காப்புநகல் முழுமையாக முடிந்ததா, வன்தட்டில் எவ்வளவு இடம் எஞ்சியுள்ளது, துணை வழங்கி முதன்மை வழங்கிக்கு எவ்வளவு பின்தங்கியுள்ளது, பிழைக் குறிப்பேட்டில் புதிதாக ஏதேனும் உள்ளதா என்பன முதற் கேள்விகள். இதன் பின்னர் புதிய பயனர்களுக்கு அனுமதி அளித்தல், நிரலர்கள் கோரும் அட்டவணை மாற்றங்களை ஆராய்ந்து நிறைவேற்றுதல், மென்பொருள் திருத்தங்களை முதலில் சோதனை வழங்கியில் நிறுவிப் பார்த்தல் முதலியவை தொடரும்.

வன்தட்டில் இடம் தீர்வது சிறிய செய்தியாகத் தோன்றினாலும் நடைமுறையில் அடிக்கடி நேரும் நிறுத்தங்களுள் ஒன்றாகும். ஆரக்கிளில் மாற்றக் குறிப்பேடுகளைச் சேமித்து வைக்கும் இடம் நிரம்பிவிட்டால், முறைமை புதிய மாற்றங்களை ஏற்காமல் நின்றுவிடும். குறிப்பேட்டில் எழுத முடியாத மாற்றத்தைப் பின்னர் மீட்கவும் முடியாது என்பதால் அது நிற்பதே சரி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ எல்லாம் திடீரென உறைந்தது போலத் தோன்றும்.

இன்னொரு வகை நிரம்புதல் வன்தட்டில் அன்றி எண்ணில் நேர்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் தரப்படும் தொடர் எண்ணை நான்கு பைட்டு முழு எண்ணாக வைத்தால் அதன் உச்சம் 2,147,483,647 ஆகும். அட்டவணை உருவாக்கப்பட்ட நாளில் எட்ட முடியாததாகத் தோன்றும் இவ்வெல்லை, வளரும் நிறுவனத்தில் ஒருநாள் வந்தே தீரும். 2018 நவம்பரில் பேசுகேம்ப் என்ற திட்ட மேலாண்மைச் சேவை இவ்வாறே ஓர் அட்டவணையின் எண் தீர்ந்து, ஏறத்தாழ ஐந்து மணி நேரம் படிக்க மட்டுமே கூடிய நிலையில் இயங்கியது. போசுட்கிரெஸ்கியூஎல் முறைமையில் பரிவர்த்தனைகளுக்குத் தரப்படும் 32 இருமம் கொண்ட எண்ணும் இவ்வாறு சுற்றி வரக்கூடியது. பழைய எண்களைத் துப்புரவு செய்யும் பின்னணிப் பணி பின்தங்கினால், தரவைக் காக்கும் பொருட்டு முறைமை எழுதுவதை நிறுத்திக்கொள்ளும். 2015இல் சென்ட்ரி என்ற சேவையும், 2019 பெப்ரவரியில் மேன்ட்ரில் என்ற மின்னஞ்சல் சேவையும் இக்காரணத்தால் நின்றன. இரண்டு வகையும் மாதக்கணக்கில் முன்கூட்டியே கணிக்கக்கூடியவை.

காப்புநகலும் மீட்பும்

தரவுத்தளத்தின் நம்பகத்தன்மைக்கு அடிப்படை பரிவர்த்தனை என்னும் கருத்தாகும். ஒரு கணக்கில் ஆயிரம் ரூபாய் கழித்து மற்றொரு கணக்கில் சேர்க்கும்போது, இரண்டும் நடக்க வேண்டும். அல்லது இரண்டும் நடக்கக்கூடாது. நடுவில் மின்சாரம் நின்றாலும் பாதி நிலை எஞ்சக்கூடாது. இக்கருத்தை வளர்த்தவர்களுள் ஜிம் கிரே முதன்மையானவர். இதற்காக 1998இல் டூரிங் விருது பெற்றார். 1983இல் தியோ ஹார்டர், அன்ட்ரியாசு ராய்ட்டர் ஆகியோர் பரிவர்த்தனையின் நான்கு பண்புகளையும் தொகுத்து ஆசிட் என்று பெயரிட்டனர்.

நடைமுறையில் இவ்வுறுதியைத் தருவது மாற்றக் குறிப்பேடு ஆகும். அட்டவணையில் மாற்றம் செய்யும் முன், என்ன மாற்றம் செய்யப்படவுள்ளது என்பது குறிப்பேட்டில் எழுதப்படுகிறது. வழங்கி திடீரென நின்று மீண்டும் எழும்போது, குறிப்பேட்டைப் படித்து முடிந்த பரிவர்த்தனைகளை மீண்டும் நிகழ்த்தியும் முடியாதவற்றை நீக்கியும் தரவுத்தளம் தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. இம்மீட்பு முறைகளுள் பெரும் செல்வாக்குப் பெற்ற ஏரிஸ் என்ற வழிமுறை 1992இல் வெளியிடப்பட்டது. அதன் முதன்மை ஆசிரியரான ஐபிஎம் ஆய்வாளர் சி. மோகன், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர்.

குறிப்பேடு மின்தடையிலிருந்து காக்கும். வன்தட்டு எரிந்துபோனாலோ, மனிதத் தவறு நேர்ந்தாலோ தனியே உதவாது. அதற்குக் காப்புநகல் வேண்டும். ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு முழுக் காப்புநகல் எடுக்கப்பட்டது எனவும், அதன் பின்னரான குறிப்பேடுகள் அனைத்தும் வேறோர் இடத்தில் சேமிக்கப்பட்டுள்ளன எனவும் கொள்வோம். புதன்கிழமை காலை 11.42க்கு ஒருவர் நிபந்தனை இடாமல் புதுப்பித்தல் கட்டளையைக் கொடுத்து, எல்லா வாடிக்கையாளர்களின் முகவரியையும் ஒரே முகவரியாக மாற்றிவிடுகிறார். நிர்வாகி ஞாயிற்றுக்கிழமை நகலை வேறொரு வழங்கியில் விரித்து, அதன்மேல் குறிப்பேடுகளை ஒவ்வொன்றாக ஓட்டி, 11.41இல் நிறுத்துகிறார். இழந்த முகவரிகள் கிடைத்துவிடும். குறிப்பேட்டுச் சங்கிலியில் ஒரே ஒரு கோப்பு காணாமற் போயிருந்தாலும், மீட்பு அந்த இடத்தோடு நின்றுவிடும்.

துணை வழங்கியும் காப்புநகலும் ஒன்றே எனக் கருதுவது பரவலான தவறாகும். துணை வழங்கி முதன்மை வழங்கியின் ஒவ்வொரு மாற்றத்தையும் சில நொடிகளில் தானும் செய்துகொள்கிறது. முதன்மை வழங்கியின் வன்பொருள் பழுதானால் அது உடனே பொறுப்பேற்கும். ஆனால் தவறான அழித்தல் கட்டளையையும் அது அதே நேர்மையுடன் நிறைவேற்றும். எனவே பல நிறுவனங்கள் வேண்டுமென்றே சில மணி நேரம் பின்தங்கி இயங்கும் துணை வழங்கி ஒன்றையும் வைத்துக்கொள்கின்றன. தரவின் மூன்று படிகள், இரண்டு வகை ஊடகங்களில், ஒன்று வேறிடத்தில் என்ற விதி இன்று எங்கும் சொல்லப்படுகிறது. இது ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கியது. தரவுத்தளத் துறையில் தோன்றியதன்று.

மீட்புத் திட்டம் இரண்டு எண்களைச் சார்ந்தது. எவ்வளவு நேரத் தரவை இழக்கலாம் என்பது ஒன்று. எவ்வளவு நேரத்துக்குள் மீண்டும் இயங்க வேண்டும் என்பது மற்றொன்று. இவற்றை முடிவுசெய்ய வேண்டியவர் தரவுத்தள நிர்வாகி அல்லர், நிறுவனத்தின் மேலாளர்களே. இரண்டுக்கும் பூச்சியம் என்று விடை சொல்வது எளிது. அதற்கான செலவுக் கணக்கை எழுதி வைத்த பின்னரே உண்மையான விடை கிடைக்கும். இதைப் போன்றதே கிடைப்புநிலை பற்றிய உறுதிமொழியும். 99.9 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 மணி 46 நிமிடம் நிற்கலாம், 99.999 விழுக்காடு என்றால் ஐந்தேகால் நிமிடம் மட்டுமே. ஒரு திருத்தம் நிறுவி வழங்கியை மறுபடி தொடங்கவே அந்நேரம் போதாமற் போகலாம்.

கிட்லாப் நிகழ்வு

காப்புநகல் இருப்பதும் மீட்க முடிவதும் வேறு வேறு என்பதற்கு 2017ஆம் ஆண்டின் கிட்லாப் நிகழ்வு நன்கு ஆவணப்படுத்தப்பட்ட சான்றாகும். மென்பொருள் மூலநிரல்களைச் சேமித்துப் பகிரும் இச்சேவையின் தரவுத்தளம் போசுட்கிரெஸ்கியூஎல் முறைமையில் இயங்கியது. அதற்கு ஒரு துணை வழங்கியும் இருந்தது. 2017 சனவரி 31 மாலை அளவுக்கு மீறிய சுமையால் துணை வழங்கி பின்தங்கி நின்றது. அதை மீண்டும் இணைக்கப் பொறியாளர் ஒருவர் இரவு நெடுநேரம் முயன்றார். இணைப்பு ஏற்படாததால், துணை வழங்கியிலுள்ள பழைய தரவுக் கோப்புறையை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க எண்ணிக் கட்டளையைக் கொடுத்தார். அவர் அப்போது இருந்த முனையம் முதன்மை வழங்கியினுடையது. ஓரிரு நொடிகளில் தவறை உணர்ந்து கட்டளையை நிறுத்தியபோது, ஏறத்தாழ 300 கிகாபைட்டுத் தரவில் 4.5 கிகாபைட்டு மட்டுமே எஞ்சியிருந்தது.

இதன் பின்னர் தெரியவந்தவையே இந்நிகழ்வை இத்துறையில் மறக்க முடியாததாக்கின. நாள்தோறும் எடுக்கப்பட்டு வெளிச் சேமிப்பகத்துக்கு அனுப்பப்பட வேண்டிய காப்புநகல்கள் அங்கு இல்லை. நகலெடுக்கும் கருவி 9.2 பதிப்பாகவும் தரவுத்தளம் 9.6 பதிப்பாகவும் இருந்ததால், அப்பணி ஒவ்வொரு முறையும் பிழையுடன் நின்றிருந்தது. பிழை பற்றிய மின்னஞ்சல்கள் உரிய கையொப்பம் இல்லாமையால் பெறும் வழங்கியில் மறுக்கப்பட்டன. ஆகவே எவரும் அதை அறியவில்லை. மேகக் கணிமைச் சேவையின் வட்டு நிழற்படங்கள் தரவுத்தள வழங்கிகளுக்கு இயக்கப்பட்டிருக்கவில்லை. துணை வழங்கியின் தரவோ மறு இணைப்புக்காக முன்பே நீக்கப்பட்டிருந்தது. இறுதியில், வேறொரு சோதனைக்காக ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் அப்பொறியாளரே எடுத்து வைத்த நிழற்படம் ஒன்று தற்செயலாகக் கைகொடுத்தது. அது இல்லாவிடில் ஒரு முழு நாள் பழைய நகலே எஞ்சியிருக்கும்.

மெதுவான வட்டுகளிலிருந்து அந்நகலைப் படியெடுக்க நீண்ட நேரம் பிடித்ததால், சேவை மீண்டும் இயங்க ஏறத்தாழ 18 மணி நேரம் ஆனது. ஏறத்தாழ 5,000 திட்டப் பதிவுகளும், 5,000 கருத்துரைகளும், 700 புதிய பயனர் கணக்குகளும் பாதிக்கப்பட்டன. மூலநிரல்கள் தனியே சேமிக்கப்பட்டிருந்ததால் அவை அழியவில்லை. நிறுவனம் மீட்புப் பணியை நேரலையாகக் காட்டியதுடன், காரணங்களை விரிவாக வெளியிட்டது. குறிப்பிட்ட பொறியாளர்மீது பழி சுமத்தவில்லை. அக்கட்டளையைவிட, மாதக்கணக்கில் எவரும் ஒரு காப்புநகலையும் விரித்துப் பார்க்காததே பெரிய பிழை என்பது பலரின் கருத்தாகும்.

இதனால் நல்ல நிறுவனங்களில் மீட்பு ஒத்திகை வழக்கமாக உள்ளது. குறித்த இடைவெளியில் ஒரு காப்புநகலை வேறு வழங்கியில் விரித்து, அட்டவணைகளின் பதிவு எண்ணிக்கையைச் சரிபார்த்து, எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறித்துவைப்பர். முதன்மை வழங்கியின் முனையத்தைச் சிவப்புப் பின்னணியில் காட்டுவது, அழித்தல் கட்டளைக்கு முன் வழங்கியின் பெயரைத் தட்டெழுதக் கேட்பது போன்ற எளிய ஏற்பாடுகளும் உண்டு.

வேகமும் பூட்டுகளும்

தரவுத்தள நிர்வாகிக்கு வரும் முறையீடுகளில் மிகுதியானது 'மெதுவாக இருக்கிறது' என்பதாகும். நேற்றுவரை ஒரு நொடியில் வந்த அறிக்கை இன்று பத்து நிமிடம் எடுக்கும். நிரலில் எதையும் மாற்றவில்லை என்று நிரலர் உறுதி கூறுவார். பெரும்பாலும் அவர் சொல்வது உண்மையே.

வாக்காளர் பட்டியல் பாகம், தெரு, வீட்டு எண் என்ற வரிசையில் அச்சிடப்படுகிறது. தெருப் பெயர் தெரிந்தால் ஒருவரை விரைவில் கண்டுபிடிக்கலாம். பெயர் மட்டும் தெரிந்தால் முழுப் பட்டியலையும் புரட்ட வேண்டும். பெயர்வாரியாகத் தனிப் பட்டியல் ஒன்று இருப்பின் இச்சிக்கல் தீரும். தரவுத்தளத்தில் இன்டெக்ஸ் எனப்படும் சுட்டுப்பட்டியல் செய்வது இதுவே. ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்கிரைட் ஆகியோர் 1970களின் தொடக்கத்தில் வடிவமைத்த பி-மரம் என்ற அமைப்பில், ஒரு கோடிப் பதிவுகள் இருப்பினும் மூன்று அல்லது நான்கு படிகளில் தேடியதை அடையலாம். ஆனால் ஒவ்வொரு புதிய பதிவும் எல்லாச் சுட்டுப்பட்டியல்களிலும் எழுதப்பட வேண்டும். எனவே கேட்பவருக்கெல்லாம் ஒன்று அமைத்துக் கொடுத்தால் படிப்பது விரைவாகி எழுதுவது தளர்ந்துவிடும்.

எந்தச் சுட்டுப்பட்டியலைப் பயன்படுத்துவது, எந்த அட்டவணையை முதலில் படிப்பது என்பதை வினவல் திட்டமிடி தீர்மானிக்கிறது. 1979இல் ஐபிஎம்மின் பாட்ரிசியா செலிங்கரும் பிறரும் வெளியிட்ட ஆய்வே இதற்கு அடிப்படை. ஒவ்வொரு வழிக்கும் ஆகும் செலவை மதிப்பிட்டு மலிவானதைத் திட்டமிடி தேர்கிறது. இம்மதிப்பீடு அட்டவணைகள் பற்றிய புள்ளிவிவரத்தைச் சார்ந்தது. இரவில் புள்ளிவிவரம் புதுப்பிக்கப்பட்டாலோ, பழையதாகிப் போனாலோ திட்டம் மாறிவிடும். நிரலில் ஓர் எழுத்தும் மாறாமல் வேகம் மாறுவதன் காரணம் இதுவே. அனுபவமுள்ள நிர்வாகி வன்பொருளை மேம்படுத்தக் கோரும் முன் வினவலின் செயல்திட்டத்தையே பார்ப்பார்.

ஒரே பதிவைப் பலர் ஒரே நேரத்தில் மாற்ற முனையும்போது பூட்டு தேவைப்படுகிறது. இந்திய இரயில்வேயில் தட்கல் முன்பதிவு தொடங்கும் நேரத்தில் ஒரே வண்டியின் சில இருக்கைகளுக்கு ஆயிரக்கணக்கானோர் போட்டியிடுவதை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஓர் இருக்கையை இருவருக்கு விற்றுவிடக்கூடாது. ஒருவருக்காகப் பூட்டி வைத்த நேரத்தில் மற்றவர்கள் காத்திருப்பர். முதலாமவர் இரண்டாமவர் வைத்திருக்கும் பதிவுக்கும், இரண்டாமவர் முதலாமவர் வைத்திருக்கும் பதிவுக்கும் காத்திருந்தால் முட்டுநிலை உண்டாகும். தரவுத்தளம் இதைக் கண்டுபிடித்து ஒருவரின் பரிவர்த்தனையைக் கைவிடச் செய்கிறது. எல்லா நிரல்களும் பதிவுகளை ஒரே வரிசையில் பூட்டினால் இச்சிக்கல் பெரிதும் குறையும். இதை நிரலர்களுக்கு எடுத்துச் சொல்வது நிர்வாகியின் பணியில் ஒரு தீராத பகுதி.

தமிழ்த் தரவு சார்ந்த சிக்கல்கள்

ஆங்கிலத்தை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்ட தரவுத்தளத்தில் தமிழ்ப் பெயர்களைச் சேமிக்கும்போது தனிச் சிக்கல்கள் எழுகின்றன. 'கிருஷ்ணமூர்த்தி' என்ற பெயர் படிப்பவருக்கு எட்டு எழுத்துகள். ஒருங்குறியில் அது 15 குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும் என்பதால் 45 பைட்டுகள். பெயருக்கு 40 பைட்டுகள் போதும் என்று வைத்த புலத்தில் இது அடங்காது. மைக்ரோசாப்ட் எஸ்கியூஎல் சர்வரில் ஒருங்குறி ஏற்காத வகைப் புலத்தில் எழுதினால் நிலைமை இன்னும் மோசமாகும்: ஒவ்வொரு குறியீடும் ஒரு கேள்விக்குறியாக மாறிச் சேமிக்கப்படும். பிழைச் செய்தி எதுவும் வராது. மூலப் பெயரை அதிலிருந்து மீட்கவும் முடியாது.

அகரவரிசையும் கவனத்துக்குரியது. ஒருங்குறியின் குறியீட்டு வரிசையில் ன என்பது ந, ப ஆகியவற்றுக்கு இடையிலும், வ என்பது ழ, ள ஆகியவற்றுக்குப் பின்னும் உள்ளன. குறியீட்டு எண்ணை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் 'மனோகரன்' முன்னும் 'மயில்வாகனன்' பின்னும் வரும். தமிழ் அகரவரிசையில் இது தலைகீழ். எனவே தமிழுக்குரிய வரிசைவிதியைத் தெரிவு செய்ய வேண்டும். 'கொ' போன்ற எழுத்தை ஒரே உயிர்க்குறியாகவோ, ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவோ சேமிக்க இயலும். திரையில் வேறுபாடு தெரியாது. தேடும்போது ஒன்று மற்றொன்றுக்கு ஒப்பாகாமற் போகலாம். பதியும் இடத்திலேயே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுவது நல்லது.

வரிசைவிதிகள் இயக்குதளத்துடன் மாறக்கூடியவை. 2018இல் வெளியான கிளிப்சி 2.28 நிரலகத்தில் விதிகள் பெரிதும் திருத்தப்பட்டன. லினக்சு இயக்குதளத்தை மட்டும் மேம்படுத்திய இடங்களில், பழைய விதிப்படி அடுக்கப்பட்ட போசுட்கிரெஸ்கியூஎல் சுட்டுப்பட்டியல்கள் புதிய விதிக்குப் பொருந்தாமற் போயின. இருக்கும் பதிவைத் தேடினால் இல்லை என்ற விடை வந்தது. சுட்டுப்பட்டியல்களை மறுபடி கட்டுவதே தீர்வாக இருந்தது.

பாதுகாப்பு

ஒவ்வொரு பயனருக்கும் அவர் பணிக்குத் தேவையான அளவு மட்டுமே அனுமதி தருவது அடிப்படை விதி. நடைமுறையில் இதைக் காப்பது கடினம். அவசரத்துக்கு வழங்கிய அனுமதிகள் திரும்பப் பெறப்படாமல் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

திருத்தங்களை உரிய காலத்தில் நிறுவாததன் விளைவை 2003 சனவரி 25 அன்று உலகம் கண்டது. எஸ்கியூஎல் சர்வர் 2000 மென்பொருளின் குறை ஒன்றைப் பயன்படுத்திய ஸ்லாமர் என்ற கணினிப் புழுவின் அளவு 376 பைட்டுகள் மட்டுமே. தொடக்கத்தில் ஒவ்வொரு 8.5 நொடிக்கும் இருமடங்காகி, பத்து நிமிடங்களுக்குள் பாதிக்கப்படக்கூடிய கணினிகளில் பெரும்பாலானவற்றை அது பற்றியது. குறைந்தது 75,000 கணினிகள் தாக்குண்டன. அக்குறைக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் 2002 சூலையிலேயே வெளியிட்டிருந்தது. திருத்தத்தால் வேறு ஏதேனும் பழுதாகுமோ என்ற அச்சத்துக்கும், நிறுவாவிடில் நேரும் இடருக்கும் இடையில் தீர்மானிக்க வேண்டியவர் நிர்வாகி. 2017 சனவரியில் கடவுச்சொல் இன்றி இணையத்துக்குத் திறந்திருந்த பல்லாயிரம் மாங்கோடிபி தரவுத்தளங்கள் அழிக்கப்பட்டுப் பணயத் தொகை கோரப்பட்டதும் குறிப்பிடத்தக்கது.

தரவுத்தள நிர்வாகி தாமே எல்லாத் தரவையும் பார்க்கக்கூடியவர் என்பதால், அவருடைய செயல்களும் பதிவு செய்யப்பட வேண்டும். அப்பதிவுகளை அவரே அழிக்க இயலாத இடத்தில் வைப்பது வழக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே முதல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, இலங்கையின் 2022ஆம் ஆண்டுச் சட்டம், இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவை தனிநபர் தரவைக் கையாள்வோருக்குப் புதிய கடமைகளை விதித்துள்ளன. ஒருவரின் தரவை அழித்துவிட்டதாக உறுதி கூறும் நிறுவனம், பழைய காப்புநகல்களில் அது எஞ்சியிருப்பதை என்ன செய்வது என்ற கேள்வி நிர்வாகியிடமே வந்து சேர்கிறது.

பணிச்சூழல்

பயனர்கள் குறைவாக உள்ள நேரத்தில்தான் பெரிய மாற்றங்களைச் செய்ய முடியும். ஆகவே வார இறுதி நள்ளிரவுகள் இத்தொழிலின் வழக்கமான பணிநேரங்களாகும். சென்னை, பெங்களூர், ஐதராபாத்து ஆகிய நகரங்களில் அமெரிக்க நிறுவனங்களின் தரவுத்தளங்களைக் கவனிப்போர் சுழற்சி முறையில் இரவுப் பணி செய்கின்றனர். அழைப்புக் கடமையில் உள்ள வாரத்தில் கைப்பேசியும் மடிக்கணினியும் இன்றி வெளியே செல்ல இயலாது. திருமண வீட்டின் ஓரத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருக்கும் உறவினரைத் தமிழகத்தில் பலரும் கண்டிருப்பர்.

வெற்றியடைந்த நிர்வாகியின் ஆண்டில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடந்திராது. இதனால் இப்பணியின் மதிப்பை மேலாளர்களுக்கு விளக்குவது கடினமாகிறது. செலவைக் குறைக்கும்போது முதலில் நீக்கப்படுவது மீட்பு ஒத்திகைக்கான வழங்கியாக இருப்பதும் உண்டு.

தானியக்கமும் மேகக் கணிமையும்

2009இல் அமேசான் நிறுவனம் ஆர்டிஎசு என்ற நிர்வகிக்கப்பட்ட தரவுத்தளச் சேவையைத் தொடங்கியது. நிறுவுதல், திருத்தம் இடல், காப்புநகல் எடுத்தல் ஆகியவற்றைச் சேவை வழங்குநரே செய்யும் முறை இதன்பின் பரவியது. தன்னைத்தானே நிர்வகிக்கும் தரவுத்தளத்தை ஆரக்கிள் 2017இல் அறிவித்து, 2018இல் வெளியிட்டது. தரவுத்தள நிர்வாகி என்ற பணியே மறையும் என்ற பேச்சு இதனால் எழுந்தது. நேரக்கூடிய எல்லாவற்றையும் இச்சேவைகள் ஏற்றுக்கொள்வதில்லை. தவறான சுட்டுப்பட்டியலும், நிபந்தனை மறந்த புதுப்பித்தல் கட்டளையும் மேகத்திலும் அதே விளைவைத் தருகின்றன. சில சேவைகளில் தரவுத்தளத்தை நீக்கும்போது அதன் தானியங்கிக் காப்புநகல்களும் உடன் நீங்கும் வகையில் தெரிவு உள்ளது.

இன்று பல நிறுவனங்களில் இப்பணியைச் செய்வோர் தரவுத்தள நம்பகத்தன்மைப் பொறியாளர் முதலிய வேறு பெயர்களால் அழைக்கப்படுகின்றனர். கட்டளைகளைக் கையால் கொடுப்பதற்கு மாறாக, அவற்றை நிரலாக எழுதி, மற்றொருவர் சரிபார்த்த பின் இயக்குவது இவர்களின் முறை.